றலியா மச்சி வண்டியேறிய கதை

றலியா என் அண்ணன் ரஸீன் நானாவின் மனைவி, எனக்கு மச்சி. அம்பிட்டியவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். மணப்பெண்களை அலங்கரித்துச் சோடிப்பது அவள் தொழில். கண்டியில் அவள் கைபட்ட மணப்பெண்கள் முந்நூறுக்குக் குறையாது. மணப்பெண்ணின் தாய் குறுக்கே வந்தால் தாயையும் அதட்டி மூலையில் உட்கார வைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் வாகனத்துக்குப் பயந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், தெல்தெனியவுக்கு மேலே ஒரு வளைவில், கல்யாண வீட்டு வேன் மழையில் வழுக்கிச் சரிவில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. றலியாவுக்குக் கை முறிந்தது. கை ஆறு வாரத்தில் பொருந்திவிட்டது. ஆனால் அதன்பின் வேனோ பஸ்ஸோ, ஏறக் காலை வைத்தாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். நடந்து போகக்கூடிய வீடுகளுக்கு மட்டும் போனாள்.

இந்த நிலையில்தான் ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் அவள் தங்கை ஜஹானாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்ததே றலியாதான். "ராத்தா, நீங்க வந்து சோடிக்காட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். மூன்று மாதம்தான் இருந்தது.

மனப்பயத்துக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர் ஒருவரிடம் காட்டலாம் என்றார் ரஸீன் நானா. அதற்கு டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போக வண்டி ஏற வேண்டும். வண்டி ஏற முடிந்தால் உளவளத்துணையாளர் எதற்கு? கடைசியில் ஜஹானாவே வீடியோ கோலில் பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தாள். சஞ்சீவனி மிஸ், மாத்தளையில் இருக்கிறார், வியாழன்தோறும் பின்னேரம் ஐந்து மணிக்கு.

"போன்ல பேசினா பயமா போகும்? டேட்டாதான் போகும்" என்று நக்கலடித்தவள் நான்.

முதல் நாளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் கணவர் அஸ்ஃபர் டோஹாவில் வேலை. அவர் வீடியோ கோல் எடுத்தால் வீடே ஓடிவந்து போனுக்கு முன்னால் முகத்தை நீட்டுவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் மிஸ்ஸின் முகம் தெரிந்ததும் நானும் போய் ஒட்டிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்றேன். பக்கத்து வீட்டு ருக்கியா வந்து, கல்யாணம் முடித்தாயிற்றா என்று அவரை விசாரித்து, தன் முழங்கால் வலியையும் விளக்கினாள். அரை மணித்தியாலம் ஓடிவிட்டது. றலியா வாயே திறக்கவில்லை.

அடுத்த வியாழன் ஐந்து மணிக்கு அவளைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டு, முற்றத்தில் நின்ற நானாவின் ஆட்டோவின் மழைத்திரையை விலக்கினேன். பின் சீட்டில் போனும் கையுமாக இருந்தாள்.

"போடி! தனியாப் பேச இந்த ஊட்ல வேற எடம் ஈக்கா?" என்று பாய்ந்தாள்.

"மச்சி, நீங்க ஆட்டோவுல ஈக்கிறீங்க."

சுற்றிலும் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. போனில் மிஸ் சிரிப்பது கேட்டது.

"எறங்காதீங்க. பயம் வந்தா வரட்டும். உச்சிக்குப் போயிட்டுத் தானா கொறையும். அதுவரைக்கும் என்னோட பேசிக்கிட்டே இருங்க."

ஏழு நிமிடம். மூச்சு மெல்லச் சீரானது. பிறகு சிரித்தாள் பாருங்கள், இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பைக் காணாமல்தான் நான் ஏங்கியிருந்தேன்.

அன்றிலிருந்து அந்த ஆட்டோதான் கிளினிக். ஒரு வாரம் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, அடுத்த வாரம் சந்தி வரைக்கும், காதில் மிஸ்ஸின் குரலோடு. ஒருநாள் வாவிக்கரையில் குதித்திறங்கி, அழுதுகொண்டே நடந்து வீடு வந்தாள். "என்னால ஏலா, கைரியா" என்று என்னிடம் சொன்னாள். மிஸ் கோபிக்கவில்லை. நாளைக்கு வாவி வரை வேண்டாம், பாதி வழி போய் வந்தால் போதும் என்றார். மற்ற நாட்களில் பயிற்சிக்கு நான் துணை. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் மிஸ் எனக்குத் தந்த வேலை. அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

கல்யாணத்தன்று காலையில் ஆட்டோவில் புறப்பட்டோம். மிஸ் தெல்தெனிய வரை பேசிக்கொண்டே வந்தார். ஏற்றம் தொடங்கியதும் சிக்னல் போனது. அந்த வளைவும் வந்தது. றலியா என் கையை நெரித்தாள்.

"நிப்பாட்டவா?" என்றார் நானா.

"வேணாம். வரட்டும். நீங்க போங்க."

பயத்தைத்தான் வரட்டும் என்றாள். இரண்டு மைல் தாண்டித்தான் என் கையை விட்டாள்.

ஜஹானா ரோட்டிலேயே காத்து நின்றாள். "மாப்புள ஊட்டாக்கள் வார நேரம், இன்னும் குளிக்காம ரோட்டுல என்னடி வேல?" என்று ஏசிக்கொண்டே இறங்கினாள் றலியா. பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும்தான் அழுதேன்.

ஜஹானாவை மேடையில் கண்டதும் மாப்பிள்ளையின் மாமி நேரே றலியாவிடம் வந்தார். "அடுத்த மாசம் மகியங்கனையில என்ட மகளுக்குக் கல்யாணம். நீங்கதான் சோடிக்கணும். ஆனா மலைப்பாதையில பதினெட்டு வளைவு எறங்கி வரணுமே?"

றலியா ஜஹானாவின் முந்தானை மடிப்பைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"வேன் அனுப்புங்க. வாரேன்."