தமயந்தி மேடமும் ஒரு தலை கூடிப்போன வரிசையும்

பெரிய பேத்தி நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி பாலிடெக்னிக்கில் வைத்திருந்த அரியர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டான். மகள் வழிப் பேத்திக்கு மாவட்ட அளவில் சிலம்பத்தில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பெண் இவளைவிட ஒரு அடி உயரம், அதையும் சொல்லியாக வேண்டும். கடைக்குட்டி ஆண்டு விழாவில் முயல் வேஷம் போட்டு, வசனத்தை மறக்காமல் சொல்லி, கைதட்டல் கேட்டதும் மேடையை விட்டு இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டான். டீச்சர் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இத்தனையையும் போனில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான், எதிர்ப்பக்கம் கேட்டுக்கொண்டிருப்பது தமயந்தி மேடம் இல்லை என்று எனக்கு உறைத்தது. மேடம் என்றால் முதல் வரியிலேயே "அப்படிப் போடுங்கக்கா!" என்று கத்தியிருப்பார்.

"பெரியம்மா, நான் அவங்க பையன் பேசறேன். அம்மா இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க. நீங்க ஆசையா சொல்லிக்கிட்டு இருந்தீங்க, நடுவுல நிறுத்த மனசு வரல."

பல் தேய்க்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரம் கொடுக்கவில்லை. எதிலும் அவருக்கு அவசரம்தான்.

கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "ராஜாமணியக்காவும் எழுதணும், அவங்கதான் மேடம் கூட ரொம்ப நாள் இருந்தவங்க" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஹோமில் சமையல் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே அவர் குரல் கேட்கும்.

எங்கள் ஹோம் பெண் பிள்ளைகளுக்கான அரசாங்க இல்லம். வழக்கில் மாட்டி வந்த பிள்ளைகளும் இருந்தார்கள், வீடு இல்லாமல் வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியே போக அனுமதி உள்ளவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரிசையில் போய் வரிசையில் திரும்புவார்கள். தமயந்தி மேடத்துக்குக் காகிதத்தில் மேற்பார்வையாளர் என்று பெயர். காலையில் எழுப்புவது, பள்ளிக்கு அனுப்புவது, வந்ததும் தலை எண்ணுவது, பக்கெட் சண்டை விலக்குவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி ஒரு தடவை, "மேடம், அந்தப் பிள்ளை என்ன கேஸ்?" என்று காதோடு கேட்டாள். மேடம் சத்தமாகவே சொன்னார்: "கேஸைக் கோர்ட்டு பாத்துக்கும்மா. இவளுக்குத் தலைவலியாம், நீ போய்த் தைலம் எடுத்துட்டு வா."

சனிக்கிழமை பேன் பார்க்கும் நாள். நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்! வராந்தாவில் ரயில் பெட்டி மாதிரி பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் தலையை வாருவார்கள். கடைசிப் பெட்டியாக மேடம் உட்காருவார். அவருக்கு முன்னால் யார் உட்காருவது என்பதற்கு அடிதடி நடக்கும். ஹோமுக்கு வந்து ஒரு மாதமாக வாயே திறக்காத பிள்ளைகூட அங்கே உட்கார்ந்தால் கடகடவென்று பேசிவிடும். எப்படி என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்துக் கேட்டா பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுதுங்கக்கா. தலைய வாரிக்கிட்டே கேட்டா, காத்துக்கிட்ட சொல்ற மாதிரி நெசத்தச் சொல்லிடுதுங்க" என்றார். தனக்கும் பேன் வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்வார். பிள்ளைகளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

என் வீட்டுச் செய்திகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பெரிய பேத்தி அப்போது குழந்தை. அவள் முதல் முதலாக நடந்ததைச் சமையல்கட்டில் சொன்னேன். சாயங்காலப் பிரார்த்தனையில் எழுந்து, "நம்ம ராஜாமணியக்கா பேத்தி நடந்துட்டா, எல்லாரும் கைதட்டுங்க" என்றார். பிள்ளைகள் தட்டிய தட்டில் கூரையே கிடுகிடுத்தது. "கைதட்டறதுக்கு ஒரு காரணம் வேணாமாக்கா இதுங்களுக்கு? தெனமும் ஒண்ணு கொண்டாங்க" என்பார். நானும் கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன்.

இப்போது லால்குடிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஹோம் பிள்ளையின் பெயரை வெளியில் எழுதக்கூடாது என்பது சட்டம். சட்டத்தைவிட மேடம் கண்டிப்பு. அதனால் லால்குடிப் பெண் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அம்மா செத்துப்போய், சத்திரம் பேருந்து நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவளைக் கூட்டிவந்து எங்களிடம் விட்டார்கள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் புலி, சாப்பாட்டில் குருவி. ஆறு மாதம் போல இருந்திருப்பாள். லால்குடிப் பக்கத்திலிருந்து அவள் தாய்மாமன் வந்து, "எங்க அக்கா பொண்ணு, நான் வச்சுப் படிக்க வைக்கிறேன்" என்று குழந்தைகள் நலக் குழுவில் எழுதிக் கொடுத்தார். குழுவும் விசாரித்து அனுப்பிவைத்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மேடம் வழக்கம்போலக் கேட்டில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முடித்துவிட்டு யோசித்தார். எல்லோரையும் மறுபடி நிற்கச் சொல்லி மறுபடி எண்ணினார். நான் சுண்டல் வாளியோடு சமையல்கட்டு வாசலில் நின்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

"என்ன மேடம், ஒண்ணு கொறையுதா?"

"கூடுதுக்கா."

"கூடுதா?"

"ஒரு தலை கூடுது."

பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தி வானத்தைப் பார்க்கிறாள், ஒருத்தி மரத்தைப் பார்க்கிறாள். வரிசை நடுவில் ஒருத்தி மட்டும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருக்கிறாள். முடிந்தபாடில்லை. பார்த்தால் லால்குடிப் பெண்!

காலையில் லால்குடியில் பஸ் ஏறி, சத்திரத்தில் இறங்கி, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஹோமை விட்டுப் போனதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. டீச்சர் பெயர் கூப்பிட்டார், இவள் "உள்ளேன் அம்மா" சொன்னாள். சாயங்காலம் மணி அடித்ததும் எங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வந்துவிட்டாள். சுவர் ஏறிக் குதித்து ஓடின பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஹோமுக்குள்ளே தப்பித்து வந்த பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாட்ச்மேன் பதறிப்போனார். "மேடம், ஆர்டர் இல்லாம ஒரு புள்ள உள்ள இருந்தா உங்க வேலைக்கே ஆபத்து. சூப்பிரண்டு அம்மா வேற லீவு. பேசாம கேட்டுக்கு வெளிய உக்கார வச்சிட்டு போலீசுக்குச் சொல்லிடுங்க."

"உள்ள வந்த புள்ளய வெளிய தள்ளறதுக்கா எனக்கு வேலை குடுத்திருக்காங்க? அக்கா, ஒரு தட்டு சேத்து வைங்க."

குருவி அன்றைக்கு மூன்று தடவை சுண்டல் வாங்கியது. தட்டைக் கழுவி வைத்ததும் மேடம் சீப்பை எடுத்தார்.

"இன்னிக்குப் புதன்கிழமை மேடம்" என்றேன்.

"இன்னிக்குச் சனிக்கிழமைதான், விடுங்க" என்றார்.

வாரிக்கொண்டே ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான், அவள் கொட்டிவிட்டாள். "மாமா நல்லவருதான் மிஸ். அடிக்கல, திட்டல. அத்தைக்கு ஆபரேஷன் பண்ணிப் புள்ள பொறந்திருக்கு. தூக்க ஆள் இல்லன்னு என்னைய ஸ்கூலுக்கு அனுப்பல. அடுத்த வருஷம் படிச்சுக்கலாம்ங்கறாங்க. அடுத்த வருஷம்னா அது வரவே வராது மிஸ். எனக்கு இந்த வருஷமே பரீட்சை எழுதணும்."

மேடம் எழுந்தார். குழுத் தலைவர் அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார். அடுத்த அமர்வில் ஆஜர்படுத்தும் வரை வைத்துக்கொள்ளலாம் என்று வாய் வார்த்தையாக அனுமதி கிடைத்தது. பதிவேட்டிலும் ஒரு பிள்ளை அதிகம் என்று மறைக்காமல் எழுதினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமன் வந்தார். வண்டியை நிறுத்தும்போதே சத்தம். "எங்க அக்கா பொண்ண ஒளிச்சா வச்சிருக்கீங்க? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

மேடம் கேட்டைத் திறந்தார். "ஒளிக்கலீங்க, உள்ளதான் இருக்கா. சாப்டீங்களா?"

"என்னது?"

"வயல்லேருந்து நேரா வந்திருக்கீங்க, கால்ல சேறு காயல. சாப்டீங்களான்னு கேட்டேன். அக்கா, உப்புமா இருக்கா?"

அந்த மனிதர் உப்புமாத் தட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தலையில் சீப்பு வைக்க முடியாது. மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நடவா?" என்றார்.

"நடவு ஒரு பக்கம், வீட்டுக்காரிக்குத் தையல் பிரிக்காதது ஒரு பக்கம், புள்ள விடாம கத்துது. இவ படிக்கற புள்ளன்னு எனக்குத் தெரியாதாங்க? நான் என்னதான் பண்ணட்டும்?"

"உங்க மாமியார் வரலையா?"

உப்புமா பாதி வாயில் நின்றது. "முசிறில இருக்காங்க. பேச்சுவார்த்தை இல்லீங்க."

"ஏன்?"

"வளைகாப்புல எலுமிச்ச சாதத்துல உப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது தப்பு தம்பி. சமைச்சவகிட்ட எதை வேணா சொல்லலாம், அதை மட்டும் சொல்லக்கூடாது."

"நம்பர் சொல்லுங்க" என்றார் மேடம்.

"எதுக்குங்க?"

"சொல்லுங்க."

ஆபீஸ் போனில் எண்ணை அழுத்தி, ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் அதைப் பாம்பு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். "அத்தை... நாந்தான். ஆமா, நானேதான். இல்ல, எல்லாரும் நல்லாருக்கோம். அது... உப்பு இருந்துச்சு அத்தை. எலுமிச்ச சாதத்துல. சரியாத்தான் இருந்துச்சு. நாக்குதான் சரியில்ல."

ஜன்னலுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். மேடம் அவர்களை அதட்டுவதற்காக எழுந்தார். எழுந்தவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். அவர் உடம்பு குலுங்கியது எனக்கு இன்னும் தெரிகிறது.

மாமியார் மறுநாளே லால்குடிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். குழு கூடிய அன்றைக்கு மாமனே வந்து, "இவ ஹோம்ல இருந்தே பரீட்சை எழுதட்டும், பொங்கலுக்கு மட்டும் அனுப்புங்க" என்றார். லால்குடிப் பெண் இருந்தாள், எழுதினாள், தேறினாள். முடிவு வந்த சாயங்காலம் பிரார்த்தனையில் தட்டிய கைதட்டலுக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் என்ன விசேஷம் என்று வந்து கேட்டார்கள்.

மேடத்துக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆர்டர் இல்லாத பிள்ளையைக் கேட்டுக்குள் விட்டது எப்படி என்று. அதை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "புள்ள தப்பிச்சுப் போனதுக்கு மெமோ வாங்கினவங்க இந்த டிபார்ட்மென்ட்ல நெறைய பேர்க்கா. தப்பிச்சு உள்ள வந்ததுக்கு வாங்கினவ நான் ஒருத்திதான்!" இதை ஓய்வு பெறும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லால்குடிப் பெண் பன்னிரண்டாவதும் முடித்து, பதினெட்டு வயது ஆனதும் வேலைக்கு வெளியூர் போனாள். அதற்குப் பிறகு எனக்குத் தகவல் இல்லை.

செய்தி கேட்ட அன்றைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து உறையூர் போய்ச் சேர்ந்தேன். மேடம் வீட்டு வாசலில் பந்தல். உறவுக்காரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யார் யாரோ பெண்கள். குழந்தையோடு வந்தவள், கணவன் வண்டியில் கொண்டுவந்து விட்டவள், ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்தவள். மேடத்தின் நாத்தனார் ஒவ்வொருத்தியிடமும், "நீங்க யாருங்க? எப்படிப் பழக்கம்?" என்று விசாரித்தார். "தையல் கிளாஸ்ல பழக்கம்" என்றாள் ஒருத்தி. "ஒரே பஸ்ல போவோம்" என்றாள் ஒருத்தி. "எனக்கு டியூஷன் எடுத்தாங்க" என்றாள் மூன்றாமவள். நாத்தனார் என்னிடம் வந்து, "எங்க அண்ணி எப்பங்க டியூஷன் எடுத்தாங்க?" என்று கேட்டார். "எடுத்தாங்கம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரை எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. அவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசவில்லை. "வெளிய பாத்தா நாம முதல்ல பேசக்கூடாதுக்கா. அவங்க வீட்ல சொல்லாம இருப்பாங்க. அவங்களா வந்து பேசினா பேசலாம்" என்று மேடம் எனக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒருத்தி போகும்போது என்னை உரசிக்கொண்டு போகிற சாக்கில் என் கையை இறுக்கிப் பிடித்து விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு கட்டுப்பாடுதான் மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. வாய் ஓயாத என்னையே கடைவீதியில், கோயிலில், கல்யாண வீட்டில் வாயை மூடிக்கொண்டு நடக்கப் பழக்கிவிட்டார். உயிர் உள்ளவரை அதை மீறமாட்டேன்.

ஆனால் லால்குடிப் பெண்ணே, அந்தக் கூட்டத்தில் நீ இருந்தாயா? ஒவ்வொரு முகமாகத் தேடினேன். பதினெட்டு வயது முகத்தை வைத்துக்கொண்டு இப்போதைய உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹோமில் உங்களைப் படம் எடுக்க எங்களுக்கு அனுமதியும் இல்லை. இந்த மலர் யார் கை மாறியாவது உன்னிடம் வந்தால், இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். கொஞ்சம் சதை போட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம். பின்பக்கம் பெயர் எழுத வேண்டாம், ஊரும் வேண்டாம். சமையல் ராஜாமணி என்று போட்டு ஹோம் விலாசத்துக்கு அனுப்பினால் என் கைக்கு வந்துவிடும். போனில் அனுப்பாதே கண்ணு, அதை என் பேரப்பிள்ளைகள் பார்த்து யார் என்று கேட்பார்கள். தபாலில் போடு.