புருஷன் வெட்டிய தோடை

எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் மண் இருக்கிறது. ஆனால் அது எங்களுடையது இல்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் விட்டிருக்கிறார்கள். அதில் லீக்ஸ் போடலாம், கோவா என்கிற முட்டைக்கோஸ் போடலாம், கீரை போடலாம். சில மாதங்களில் பிடுங்கித் தின்கிற எதையும் போடலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. அப்படி எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனாலும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மரம் நின்றால், அது நிற்கிற மண்ணையும் ஒருநாள் கேட்டுவிடுவோம் என்று தோட்ட நிர்வாகத்துக்குப் பயம். இந்த மலை முழுக்கத் தேயிலை நட்டவர்கள் எங்கள் ஆட்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழமரம் நட எங்களுக்கு உரிமை கிடையாது.

நான் நட்டேன். தெரிந்தே, வேண்டுமென்றேதான் நட்டேன்.

எனக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. கொட்டகலை பஜாரில் ஒரு தையல் கடையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது வளர்ந்த தேயிலையைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. அவருக்குத் தோட்டத்தில் பேர் இருப்பதால்தான் எங்களுக்கு இந்த வீடு. அவர் வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். இதை வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது எங்களுக்கு ஞாபகப்படுத்திவிடுவார்கள்.

முதலில் வைத்தது பீச். துரை பங்களாவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோன அன்று, அங்கே மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகிக் கிடந்தன. அள்ளக்கூட ஆளில்லை. ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பழம் எறும்பு அரித்தது. கொட்டை நல்ல கொட்டை. அதை நட்டேன், முளைத்தது. பிறகு தலவாக்கலை பஸ் நிறுத்தத்தில் கன்று விற்கிறவரிடம் ஒரு ஒட்டுத் தோடை, அதாவது ஆரஞ்சுக் கன்று, வாங்கினேன். அவர் தண்டில் ஒரு சாண் உயரத்தில் இருந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.

“இதுக்கு மேலதாம்மா இனிப்புத் தோடை. கீழ இருக்கிறது காட்டுப் புளிப்பு, வெறும் முள்ளு. கீழேருந்து துளிர் வந்தா உடனே கிள்ளிப் போட்டுருங்க. விட்டீங்கன்னா மேல உள்ளதைத் தின்னுரும்” என்றார்.

நடும்போது இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இந்தா, இத்தனை வருசமா கத்தி புடிக்கிறேன். செடியப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?”

“தேயிலைக்குச் சொல்லலங்க. இதுக்குச் சொல்றேன்.”

“எல்லாம் ஒன்னுதான். வேர் இருந்தாத் தழைக்கும்.”

கிள்ளுகிற வேலையை நானே பார்த்துக்கொண்டேன். காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன் குனிந்து முடிச்சுக்குக் கீழே தடவிப் பார்ப்பேன். ஏதாவது தட்டுப்பட்டால் நகத்தால் கிள்ளி எறிவேன். வருடக் கணக்கில் அதைச் செய்தேன். பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தேன் என்று சொல்லமாட்டேன். என் பிள்ளைகளை அவ்வளவு கவனித்ததில்லை.

பீச் பூத்த வருடம் லயமே வந்து பார்த்தது. இலையே இல்லாத கொம்பில் ரோஸ் நிறத்தில் பூ. பழம் சின்னதுதான், கொஞ்சம் கசப்பும் இருந்தது. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி மடி நிறைய வாங்கிக்கொண்டு போனாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பெண் அவள். அடுத்த வாரமே முணுமுணுப்பு தொடங்கியது. மர நிழலில் அவளுடைய லீக்ஸ் மஞ்சளாகிறதாம். வேர் போய்த் தண்ணீர் ஓடுகிற கானை உடைக்கிறதாம். சுவர் ஈரமாக இருக்கிறதாம். எங்கள் லயத்துச் சுவர் வெள்ளைக்காரன் கட்டிய நாளிலிருந்து ஈரமாகத்தான் இருக்கிறது. அதற்கும் என் மரத்தைத்தான் குற்றம் சொன்னாள்.

பிறகு தோடை காய்த்தது. முதல் காய்ப்பு. அதிகமில்லை, ஆனால் ஒவ்வொரு காயும் எனக்கு எந்தக் கொம்பில் இருக்கிறது என்று தெரியும். பச்சையாக, கெட்டியாக இருந்தன. இன்னும் கொஞ்ச நாள் வெயில் பட்டால் நிறம் மாறும். கடையில் நான் எத்தனையோ தோடம்பழம் வாங்கித் தின்றிருக்கிறேன். நான் வைத்த மரத்தில் ஒரு பழம் பறித்து, அந்த மரத்தடியிலேயே உரித்துத் தின்னவேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஊர் மண் அதையாவது தரட்டும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்து, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கண்டாக்கு மறுநாளே வந்தார். அவர் எங்கள் பக்கத்து ஆள்தான், தமிழ் பேசுகிறவர்தான். சப்பாத்துக் காலோடு பாத்திக்குள் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“என்னம்மா இது, எஸ்டேட்டா, உங்க அப்பா வீட்டுத் தோப்பா?”

“எங்கப்பாவும் இந்த லயத்துலதாங்க ஐயா செத்தாரு.”

“வாய் பேசாத. ரெண்டையும் எடுத்துரு. மரத்த விட்டா நாளைக்கு எடத்தக் கேப்பீங்க.”

“பங்களாவுலயும் இதே மரம் நிக்கிது. அதையும் எடுக்கச் சொல்றீங்களா?”

கண்டாக்கு, பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் மரத்தை வெட்டமாட்டேன் என்று தெரிந்துகொண்டு, யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் கழித்துக் காலைப் பெரட்டில், எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், கண்டாக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். “நீ இன்னைக்கு மலைக்குப் போக வேணாம். லயத்துக்குப் போ. ஒன் வீட்டுப் பின்னால நிக்கிற ரெண்டையும் நெலத்தோட வெட்டு. ஒரு நாள் பேர் போட்டுர்றேன்.” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அவர் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வெட்டினார். தன் பெண்டாட்டி வைத்த மரத்தை வெட்டியது தோட்டத்தில் ஒருநாள் வேலையாகப் பதிவானது. நான் அப்போது பஜாரில் யாருக்கோ பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். பீச் இருந்த இடத்தில் ஒரு கட்டை. தோடை இருந்த இடத்தில் நாலு விரல் உயரத்தில் இன்னொரு கட்டை. வெட்டு சாய்வாக, வழுவழுப்பாக, மழைத்தண்ணீர் தங்காதபடி இருந்தது. தேயிலைக்குச் செய்வதுபோலக் கட்டையில் படிந்த பாசியைக்கூடச் சுரண்டியிருந்தார். தேயிலையைக் கவ்வாத்து செய்ததும் வெயில் சுடாமல் இருக்க வெட்டிய கொப்புகளையே மேலே பரப்புவார்கள். அப்படியே என் தோடைக் கொப்புகளை அந்தக் கட்டைகளின் மேல் அழகாகப் பரப்பி வைத்திருந்தார். பச்சைக் காய்கள் அந்தக் கொப்புகளிலேயே இருந்தன.

“நெலத்தோடதான் வெட்டச் சொன்னான். நாந்தான் ஏமாத்தி நாலு விரக்கட விட்டேன். நோய் விழுந்த தேயிலைய இப்பிடித்தான் வெட்டுவோம், ஒரே மழையில தழைக்கும். நீ சும்மா இரு” என்றார்.

அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. கண்டாக்கை ஏமாற்றி எனக்கு மரத்தைக் காப்பாற்றித் தந்துவிட்டதாக அவர் நம்பினார்.

“முடிச்சு எங்கங்க?”

“என்ன முடிச்சு?”

நான் கொப்புகளை விலக்கி, வெட்டி எறிந்த அடித்தண்டைத் தேடி எடுத்துக் காட்டினேன். முடிச்சு அந்தத் துண்டில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். “எல்லாம் தழைக்கும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

முடியாது என்று சொன்னால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், அவர் என்னதான் செய்வார் என்று எல்லோரும் என்னிடம் நியாயம் பேசினார்கள். எனக்குத் தெரியாதா? தெரிந்துவிட்டால் கோபம் தீர்ந்துவிடுமா? வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் நான் அவன் கையைப் பிடித்துக் கடித்திருப்பேன். கண்டாக்குக்கு அது தெரியும். அதனால்தான் இவரை அனுப்பினார். இவரும் வந்தார். கண்டாக்கை நான் வெறுக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரியை வெறுக்கிறேன், அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் சோறு போட்டுக்கொண்டு ஒருவரை வெறுப்பது கஷ்டம். அந்த மாதங்களில் அதையும் செய்தேன்.

பீச் கட்டை பிசின் கக்கிச் செத்தது. தோடைக் கட்டை மழைக்குத் தழைத்தது. ஒன்றல்ல, சுற்றிலும் துளிர்கள். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாணி கொண்டுவந்து போட்டார், களை பிடுங்கினார். மரமாக உயர்ந்தால் மறுபடி ஆள் வரும் என்று, தேயிலை மாதிரி இடுப்பு உயரத்துக்கு மட்டமாகவே வைத்திருந்தார். கண்டாக்கு ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, செடிதானே என்று போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியருகே வந்தாள். “பரவால்லக்கா, மறுபடி தழைச்சிருச்சே. எனக்கும் மனசு கேக்கல.”

“ஒனக்கு மனசு வேற இருக்கா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

முதல் இலையைக் கசக்கி முகர்ந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசம் வேறு. விரல் நீளத்துக்கு முள். நான் வருடக் கணக்கில் நகத்தால் கிள்ளி எறிந்த அதே சனியன். அவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாயிற்று.

அது காய்த்தது. தோல் கரடுமுரடாக, பெரிதாக, நன்றாக மஞ்சளடித்து இருந்தது. வீட்டுக்காரர் கை முழுக்க முள் கீறலோடு ஒன்றைப் பறித்து, கழுவி, வெட்டி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, வீட்டில் நான் தைத்துக்கொண்டிருந்த மெஷினருகே வந்தார்.

“பாத்தியா. வேர் இருந்தாத் தழைக்கும்னு சொன்னேன்ல. சாப்பிடு.”

“நீங்க சாப்பிடுங்க மொதல்ல.”

ஒரு துண்டை வாயில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. ஆனால் துப்பவில்லை. மென்று விழுங்கினார். இன்னொரு துண்டையும் எடுத்துத் தின்றார், முதல் துண்டு தவறாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“முள்ளுதான் இது” என்றார்.

நான் தையலை நிறுத்தவில்லை.

“வேரோட எடுத்துறவா? வேற ஒன்னு வாங்கி வைப்போம்.”

“எடுக்காதீங்க” என்றேன். “நான் வச்சத நீங்க வெட்டிட்டீங்க. இது நீங்க வளத்தது. நிக்கட்டும்.”