குடையால் ஓர் அடி

மீன்குழம்போடு வந்தவரை இலைக்கு முன்னால் நிறுத்திவைத்து, குற்றவியல் சட்டம் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார் பரமேஸ்வரன். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மதியத்தில் இது வழக்கம்.

"ஆதியில ஒருத்தன் கண்ணைக் குத்துனா, இவன் போயி அவன் குடும்பத்தையே குத்துவான். முடிவே இல்ல பாஸ். அப்புறம்தான் யோசிக்கிறவங்க வந்தாங்க. பழிவாங்குற உரிமைய நம்ம கையிலேர்ந்து எடுத்து அரசாங்கத்துக்கிட்ட குடுத்தாங்க. தண்டனைக்கு அளவு வேணும், கோவம் கூடாது."

"குழம்பு ஆறுதுலா சார்."

தனியார் கல்லூரியில் நெடுங்காலமாக அவர் நடத்துவதும் இதைத்தான். மாணவர்களின் கொட்டாவியை அவரே சொல்லிச் சிரிப்பார்: "என் கிளாஸே ஒரு தண்டனை. அதுக்குத்தான் அளவே இல்ல." காருக்கு அபராதம் எழுதுபவரிடமும், "இது திருத்துறதுக்கா, பயமுறுத்துறதுக்கா?" என்று நின்று கேட்பார். காருக்குள் மனைவி வசுந்தரா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

போன மாதம் கிள்ளானில், புடவைக் கடை வாசலில், மோட்டார் சைக்கிளில் வந்தவன் வசுந்தராவின் கைப்பையைப் பிடுங்கினான். தரையில் இழுபட்டதில் அவர் முழங்கை கிழிந்தது. தப்பியோடிய வண்டி, நின்றிருந்த லோரியில் மோதிச் சரிந்தது. கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டு அடித்தது.

பரமேஸ்வரனும் ஓடினார். தடுக்க அல்ல. கையிலிருந்த குடையால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். "சுகமா இருந்துச்சு, அதான் அசிங்கம்" என்று பிறகு சொன்னார். மறுபடி ஓங்கும்போது யாரோ ஹெல்மெட்டால் அவன் மண்டையில் அடித்தார்கள். ரத்தம் கண்ணில் வழிய, அவன் "அம்மா" என்றான். பரமேஸ்வரன் குடையைப் போட்டுவிட்டு அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"போதும்லா! செத்துருவான்!"

அவர் முதுகிலும் தோளிலும் சில அடிகள் விழுந்த பிறகே கூட்டம் ஓய்ந்தது. "தத்துவத்தைக் கேட்டு யாரும் நிறுத்தல. என் உடம்பு அகலம், அடிக்க அவன் அகப்படல, அவ்வளவுதான்" என்பது அவர் விளக்கம்.

அவனை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. பிழைத்துவிடுவான் என்றார்கள். வந்திருந்த போலீஸ் அதிகாரி, "யாரு யாரு அடிச்சது?" என்று மலாயில் கேட்டார். அத்தனை பேரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"பேசாம வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று வசுந்தரா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பரமேஸ்வரன் வீங்கிய தோளை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மெல்ல உயர்த்தினார்.