மேலிருந்து வரவேண்டிய உத்தரவு

மதியம் இரண்டு பத்து.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பேய் என்றால் நடு இரவு, நாய் ஊளை என்றுதான் நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு நடந்தது பகலில். நானாகச் சேர்த்தது இதில் ஒன்றும் இல்லை. நேரங்கள் என் கைபேசியில் இருப்பவை. இரண்டு படங்கள் இன்னும் அதில் இருக்கின்றன. கேட்கிறவர்களுக்குக் காட்டுவேன். நான் பார்ப்பதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே என் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பின்பக்கம் ஒரு போர்வெல். பதினோரு வருடமாக என்னோடு வேலை பார்த்தவர் தம்பிதுரை. அதற்கு முன் கடற்படையில் இருந்தவர். பதினைந்து வருடமும் கப்பலின் அடியில், என்ஜின் அறையில். பேச்சு குறைவு. ஷிப்ட் முடிந்தால் விளக்கை அணைக்கும் முன் ஒவ்வொரு மெஷினையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். அது அவருடைய பழக்கம்.

பங்குனியில் ஒரு வேலை வந்தது. கொடுத்தவர் நரசிம்மலு. பம்புசெட் பேக்டரி முதலாளி. எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால் பங்கு அவருடையது. அவருடைய பவுண்டரிக்கு, உருக்குவதற்காக, உடைத்த கப்பலின் சாமான் ஒரு லோடு வந்திருந்தது. பழைய கடற்படைக் கப்பல். போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கிற வகை. அந்த லோடில் இருந்த ஒரு பொருள் அவருக்குப் பிடித்துவிட்டது. மெருகேற்றி, சரவணம்பட்டியில் திறக்கப்போகும் புதிய பேக்டரியின் வாசலில் வைக்க வேண்டும் என்றார். திறப்பு விழா திங்கட்கிழமை அதிகாலை.

இடுப்பு உயரப் பீடம். தலையில் வட்டமான முகப்பு. பக்கத்தில் ஒரு கைப்பிடி. முகப்பில் ஆங்கில எழுத்துகள். ஃபுல் அஹெட், ஹாஃப், ஸ்லோ, ஸ்டாப். ஓரத்தில், சின்னதாக, ஃபினிஷ்ட் வித் என்ஜின்ஸ். அதாவது, என்ஜின் வேலை முடிந்தது.

எனக்கு விளங்கவில்லை. தம்பிதுரைதான் சொன்னார். கப்பலை ஓட்டுகிறவர்கள் மேலே நிற்பார்கள். என்ஜின் கீழே. மேலே இருப்பவர் இந்தக் கைப்பிடியைத் திருப்பினால், ஒரு முள் நகரும். அது உத்தரவு. கப்பலுக்குள் ஓடும் சங்கிலி வழியாகக் கீழே இதைப் போலவே இன்னொன்றில் மணி அடிக்கும். கீழே இருப்பவர் தன் கைப்பிடியை அதே இடத்துக்குத் திருப்ப வேண்டும். அப்போது மேலே இரண்டாவது முள் நகரும். அது பதில். பதில் வரும்வரை மணி நிற்காது.

"கூப்புட்டா ஏனுங்கன்னு கேக்காம இருப்பமுங்களா? அது மாதிரித்தானுங்க," என்றார்.

எங்களிடம் வந்தபோது இரண்டு முள்ளும் ஃபினிஷ்ட் வித் என்ஜின்ஸில் நின்றன. கப்பல் கரை சேர்ந்து எல்லாம் அடங்கிய பிறகு வரும் கடைசி உத்தரவு. அது வந்தால்தான் என்ஜின் அறையில் நிற்பவர் மேலே ஏறலாம். அதுவரை நகரக்கூடாது. இடையில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று ஆள் வருவான். அந்த நாலு மணி நேரக் காவலுக்கு வாட்ச் என்று பெயர். 'வாட்சை நான் வாங்கிக்கொள்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வான். சொல்லாவிட்டால் முதல் ஆள் நின்றபடியே இருக்க வேண்டும்.

தம்பிதுரை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார். கைப்பிடியை மட்டும் தொடவில்லை.

நரசிம்மலு வந்து பார்த்தார். முகப்பை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். புதுப் பேக்டரி வாசலில் 'முடிந்தது' என்று வைப்பதா என்று கேட்டார். ஃபுல் அஹெட்டில் நிறுத்தி, யாரும் திருப்பாதபடி போல்ட் போட்டுவிடச் சொன்னார். அதில் தப்பாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

தம்பிதுரை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வேல முடிஞ்சு படுத்தவங்கள எழுப்பற மாதிரிங்ணா அது. வேண்டாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. மூன்று நாட்களாகச் சரியான தூக்கம் இல்லை. காலை பதினொன்றிலிருந்து கரண்டும் இல்லை. வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டு பத்துக்குக் கைப்பிடியைத் திருப்பினேன். இறுகிப்போயிருக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். வெண்ணெய் போல வந்தது. ஃபுல் அஹெட்டில் நிறுத்தி போல்ட்டை முடுக்கினேன். படம் எடுத்தேன். 2.12. நரசிம்மலுவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

அந்தப் படத்தில் உத்தரவு முள் ஃபுல் அஹெட்டில் இருக்கிறது. பதில் முள் பழைய இடத்திலேயே இருக்கிறது. அது நியாயம்தான். பதில் சொல்லக் கீழே யாரும் இல்லை.

2.13. மணிச் சத்தம்.

மெல்லிய சத்தம். விடாமல். முதலில் கோயில் என்று நினைத்தேன். பிறகு இதன் மணி என்று நினைத்தேன். இதன் மணி கழற்றி மேஜைமேல் கிடந்தது. நாக்கு தனியாக, மணி தனியாக.

சத்தம் பின்பக்கமிருந்து வந்தது. போனேன். சிமென்ட் மேடை, தொட்டி, குழாய். வேறொன்றும் இல்லை. குனிந்தேன்.

போர்வெல்லுக்குள் இருந்து வந்தது. எண்ணூற்று எண்பது அடி.

திரும்பி உள்ளே வந்தேன். பீடத்தை ஸ்டாண்டின்மேல் ஏற்றி வைத்திருந்தோம். அடியில் சங்கிலி ஒரு முழம் வெளியே தொங்கும். கேஸ் கட்டரால் அறுத்த நுனி. காலையில்கூடக் கால் பட்டு ஆடியது.

இப்போது ஆடவில்லை.

விரலால் தட்டினேன். கம்பி போல் அதிர்ந்தது. நுனிக்கும் தரைக்கும் நடுவில் அரை அடி வெறும் காற்று. ஆனால் யாரோ கீழிருந்து இழுத்துப் பிடித்தது போல்... விறைப்பாக.

2.20. தம்பிதுரை வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டது. முகப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"திருப்பிப்போட்டீங்களா?"

போல்ட்டைக் காட்டினேன்.

"பதில் வர்றதுக்குள்ள பழைய எடத்துக்குக் கொண்டுபோயிருங்ணா. இன்னும் நேரமிருக்குது."

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்ற அரை நிமிடம் போதும். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கழற்றியிருக்கலாம். வண்டி மூன்று மணிக்கு வருகிறது, விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அலுப்பு. அவ்வளவுதான். பயத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது.

2.31. மணி நின்றது.

டக்.

பதில் முள் ஸ்டாப்புக்கு வந்தது.

டக்... டக்... டக்.

ஃபுல் அஹெட்.

இரண்டாவது படம் அப்போது எடுத்தது. 2.33. கலங்கலாக இருக்கிறது. ஆனால் முள் தெரிகிறது.

பின்பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் அணைந்து கிடந்தது. கரண்டும் வந்திருக்கவில்லை. குழாய் முழு வேகத்தில் ஊற்றியது. கை நீட்டினேன். வெந்நீர். மேலே எண்ணெய்ப் படலம். உதட்டில் ஒரு துளி பட்டது.

உப்பு.

தம்பிதுரை மேடை அருகே போய்க் குந்தினார். குழாயில் கை வைத்தார்.

"கீழ நிக்கறவங்க ரொம்ப அசந்து போயிருக்கறாங்க," என்றார், என்னிடம் அல்ல.

பிறகு குனிந்து, குழிக்குள் நிதானமாகச் சொன்னார்.

"வாட்ச நா வாங்கிக்கறனுங்க. நீங்க போய்ப் படுங்க."

தண்ணீர் நின்றது. 2.50.

மூன்று மணிக்கு வண்டி வந்து பீடத்தை எடுத்துப் போனது. தம்பிதுரை எழவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னேன். நாலு மணிக்கு மாற்று ஆள் வரும், வந்ததும் போகிறேன் என்றார். நாலு மணிக்கு எழுந்து கேட்டைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். எட்டு மணிக்கு எழுந்தார். பார்த்தார். உட்கார்ந்தார்.

எட்டு நாட்கள் அப்படியே.

அவர் மனைவி ராசாத்தாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தம்பிதுரை இரண்டு வாய் சாப்பிடுவார். தூங்கவில்லை. கால் வீங்கியது. வந்து பார்த்த டாக்டர் தூங்கினால் சரியாகும் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்யவில்லை. ஒருநாள் காரில் ஏற்றிப் பார்த்தோம். கேட்டைத் தாண்டியதும் மூச்சு நின்றுபோனது போல் ஆனார். திருப்பிக் கொண்டுவந்து குழாய்ப் பக்கம் உட்கார வைத்ததும் மூச்சு வந்தது.

அவர் முதுகில் கை வைத்தேன். உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இதயம் அல்ல. ஒரே சீராக, விடாமல், பெரிய மெஷின் ஓடும்போது தரை அதிருமே... அது.

புதன்கிழமை நரசிம்மலுவிடம் போனேன். வாசலில் கருவி பளபளவென்று நின்றது. வருகிறவர்கள் விளையாட்டாகத் திருப்புகிறார்கள் என்று போல்ட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்து, சுற்றிலும் கண்ணாடி போட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தம்பிதுரையின் ஆஸ்பத்திரிச் செலவு தன்னுடையது என்றார். கைப்பிடியைத் திருப்ப மட்டும் முடியாது என்றார்.

"தெறந்து மூணு நாள் ஆகல சீனு. வாசல்ல முடிஞ்சுதுன்னு எழுதி வெச்சுட்டு, உள்ள நான் என்ன பண்றது?"

முதல் வருடம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு பார்க்கலாம். நான் சொன்ன அதே சொல்.

வியாழக்கிழமை ராசாத்தாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னா கேப்பாருங்ணா. வேல முடிஞ்சுதுன்னு ஒரு பேச்சுச் சொல்லிப்போடுங்க."

போய்ச் சொன்னேன். மேலே திருப்பிவிட்டார்கள், முடிந்தது, எழுந்திரு என்றேன். தம்பிதுரை குழாயில் கை வைத்துக் காத்திருந்தார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை.

"இன்னும் வரலீங்ணா," என்றார்.

சனிக்கிழமை மறுபடி போனேன். நரசிம்மலு ஊரில் இல்லை.

திங்கட்கிழமை மதியம் 2.31. தம்பிதுரை உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். வலது கை மூடியிருந்தது. எதையோ பிடித்திருப்பது போல். நாங்கள் மூன்று பேர் சேர்ந்தும் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மாலை ஆறு மணிக்கும் அந்தக் கை சுட்டது.

காரியம் முடிந்து நரசிம்மலுவின் பவுண்டரிக்குப் போனேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அங்கே உலை பார்ப்பவர் கண்ணையா. இந்தக் கருவிக்குக் கீழே ஒரு ஜோடி இருந்திருக்கும், அது எங்கே என்று கேட்டேன்.

அதே லோடில்தான் வந்தது என்றார். அடிபட்டு நசுங்கியிருந்ததால் முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். அருமையான கன்மெட்டல், வெண்கலம் மாதிரி. உலையில் போட்டு புஷ் வார்த்தார்களாம். போர்வெல் மோட்டாரின் தண்டு உட்கார்ந்து சுழலும் வளையம்.

"எங்கெங்க போச்சோ. உடுமலப்பேட்டை, பல்லடம்னு நூறு மோட்டாருக்குள்ள ஓடிட்டு இருக்குதுங்க. ஏன், உங்களுக்குக்கூட ரெண்டு வந்துதே. மாசி கடசில. உங்க மோட்டாருக்குன்னு தம்பிதுரையே வந்து வாங்கிட்டுப் போனாரு."

வாங்கி வந்து, தானே மாட்டி, தானே குழிக்குள் இறக்கினார். எனக்கு நினைவிருக்கிறது. கயிற்றை நானும் பிடித்தேன்.

போர்வெல்லின் ஒயரை அறுத்துவிட்டேன். குழிக்கு இரும்புத் தகடு வைத்து மூடினேன். பட்டறைக்குத் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது.

ஆனாலும் தினமும் 2.10 ஆனால் என் வேலை நின்றுவிடுகிறது. 2.13க்கு மணி. 2.31க்கு நிற்கிறது. பிறகு தகட்டின் அடியில் யாரோ ஏறிவந்து நிற்பது போல் ஒரு சின்ன அசைவு. மூச்சு வாங்கும் சத்தம்.

பொய் சொல்லிப் பயனில்லை. அதைச் செய்து பார்த்துவிட்டேன். நரசிம்மலு சொன்ன ஒரு வருடத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தம்பிதுரையை மேலே ஏற்ற வேறு ஒரு வழி உண்டு. சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். குனிந்து வாய்விட்டுச் சொன்னால் போதும். தினமும் தகட்டின் அருகே போய் நிற்கிறேன்.

நேற்றும் நின்றேன். 2.34. தகட்டின் அடியிலிருந்து குரல்.

"ஏனுங்ணா... மாத்தறதுக்கு ஆராச்சும் வந்துட்டாங்களா?"