அறுகிற தங்கூசி

எங்கள் குடும்பத்தில் மீனைச் சந்தையில் பேரம் பேசிப் பிடித்தவர்கள் உண்டே தவிர, தண்ணீரில் பிடித்தவர்கள் எவரும் இல்லை. தோட்டக்காணியும் கிணறுமாக வாழ்ந்தவர்கள். மீன்காரரின் சைக்கிள் வரும் திசையை வைத்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும் என்பார் அப்பா. அப்படிப்பட்ட அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரெய்னர்ஸ் லேன் வீட்டின் முன்னறையில் சோற்றுக் கோப்பையோடு இருந்தபடி, மாமாவுக்குத் தூண்டில் வாங்கப் போவதாக அறிவித்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சண்டை முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, எங்கெங்கோ அலைந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். வன்னிக்குள் மூன்று பேராக இருந்த குடும்பம். வந்தது அவர் ஒருவர்தான். மாமியைப் பற்றியோ அவர்களுடைய மகனைப் பற்றியோ எதுவும் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. மாமா யாருக்கும் எதற்கும் வாய் திறக்காத காலம் அது.

அந்தக் கோடையின் முடிவில் மாமா சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்குச் சொன்ன காரணம் வயிற்றுக்குத்து. வீட்டிலிருந்த மருந்துக் குளிசைகளையெல்லாம் ஒன்றாக விழுங்கினால் வருகிற வயிற்றுக்குத்து அது என்று அறிய நான் பல்கலைக்கழகம் போகும் வயது வரவேண்டியிருந்தது. அப்போது நான் கண்டதெல்லாம் வீடு மாறிப்போனதைத்தான். குளிசைப் பெட்டி அப்பாவின் காருக்குள் குடிபோனது. குளியலறைத் தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார்; உள்ளே இருப்பவர் தான் இருப்பதை வெளியே தெரிவிக்கப் பாட வேண்டும் என்பது புதுச் சட்டம். பள்ளிக்கூடத்தில் பழக்கிய கிறிஸ்மஸ் பாட்டுகளையெல்லாம் நான் ஒக்டோபரிலேயே பாடித் தீர்த்தேன். பின்வளவில் இருந்த உடுப்புக்கொடியை அம்மா அறுத்து எறிந்துவிட்டு, ஈர உடுப்புகளை ஹீட்டர்களின் மேல் விரித்தார். வீடு முழுக்க ஈர வாடை அடித்தது. எனக்கு எல்லாம் விளையாட்டாகவே இருந்தது.

மாமா அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது, வெளியே போய்ச் செய்கிற மாதிரி ஏதாவது ஒரு காரியம் அவருக்கு வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா அதை மருந்துச்சீட்டைப் போல எடுத்துக்கொண்டார். அவர் வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனுக்கு விடிய வெள்ளெனவே தூண்டில்களோடு வருகிற வெள்ளைக்காரர்களில் ஒருவரையாவது தான் கவலையாகக் கண்டதில்லையாம். பிறகு பல நாள் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, அமெரிக்காக்காரர்கள் ஏரிகளில் பாஸ் என்ற மீனைப் பிடிக்கிற காணொளிகளைப் பார்த்தார். எந்த மீனுக்கு எந்தத் தடி, எந்த றீல், எவ்வளவு தடிப்பான நூல் என்று சாப்பாட்டு நேரங்களில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. பார்த்துப் பார்த்தே பத்து மீன் பிடித்தவரின் நடை அவருக்கு வந்துவிட்டது.

விருப்பமா என்று மாமாவிடம் கேட்டபோது அவர் தோளை மட்டும் அசைத்தார்.

"ஓம் எண்டுதான் அர்த்தம்" என்றார் அப்பா.

அம்மா சோறு பிசைந்த கையை நிறுத்தினார். "அதுக்குத் தங்கூசி வேணுமே?" என்று கேட்டார். நைலோன் நூலுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தங்கூசி.

"தங்கூசி இல்லாமல், மீனைக் கூப்பிட்டோ பிடிக்கிறது?" என்றார் அப்பா. அம்மா மேற்கொண்டு சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ஒரு தூண்டில் கடைக்குப் போனோம். இப்படியான கடைகளுக்கு ஒருநாளும் வராத அம்மா அன்று எல்லோருக்கும் முதல் காரில் ஏறியிருந்தார். கடையின் குளிர்ப்பெட்டிக்குள் டப்பா டப்பாவாகப் புழுக்கள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. மாமா அதன் முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான்.

பாஸ் பிடிக்கிற சாமான் வேண்டும் என்று அப்பா ஆங்கிலத்தில் கம்பீரமாகக் கேட்டார். கடைக்காரர் தாடி வைத்த, பொறுமையான, பெருத்த மனிதர். இந்த நாட்டில் பாஸ் கடலில்தான் இருக்கிறது, கால்வாயில் கிடைப்பது பேர்ச் என்றார். அதுவும் முதுகில் முள்ளோடு, உடம்பில் கறுப்புக் கோடுகளோடு, ஏறக்குறைய பாஸைப் போலத்தான் இருக்குமாம். என்ன அளவு என்று இரண்டு கையாலும் காட்டினார். நான் கோடு போடுகிற அடிமட்டத்தை விடச் சின்னது. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். அப்பா தமிழுக்கு மாறினார்.

"திருப்பி விடுறதுக்கோ இவ்வளவு பாடு?"

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், கடலுக்குரிய மொத்தத் தடி ஒன்றை எடுத்து வீசிப் பார்த்து, தொங்கிக்கொண்டிருந்த மிதவைகளைக் கொட்டினார். கடைக்காரர் அதைப் பக்குவமாக வாங்கி வைத்துவிட்டு, நுனி மெலிந்த இலேசான தடி ஒன்றை மாமாவின் கையில் கொடுத்தார். நுனி இளகியிருந்தால்தான் சின்ன மீன் தொடுவதும் கைக்குத் தெரியுமாம். மாமாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். ஒரு சின்ன றீலை எடுத்து, அதன் கைப்பிடியைக் கழற்றி மற்றப் பக்கம் பூட்டி, இடது கையால் தடியைப் பிடித்துக்கொண்டு வலது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சுற்றினால் போதும் என்று செய்து காட்டினார். மாமா சுற்றிப் பார்த்தார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

பிறகு நூல். ஒரு சுவர் முழுக்க நூல் உருளைகள் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும், எத்தனை இறாத்தல் பாரத்துக்கு அது அறும் என்று ஓர் இலக்கம் அடித்திருந்தது. அப்பா நேரே போய் ஆகப் பெரிய இலக்கத்தைக் கழற்றினார்.

"எண்பது! இது ஒரு ஆளையே தூக்கும்!"

அம்மா அதை அவர் கையிலிருந்து பறித்து, இருந்த இடத்தில் திரும்பக் கொழுவினார்.

"பிள்ளை, உதுகளுக்குள்ள ஆகக் கெதியா அறுந்துபோறது எதெண்டு கேள்."

வெட்கம் பிடுங்கித் தின்ன நான் கேட்டேன். நான் பிழையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். அவர் மூன்று இறாத்தல் நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதில் ஒரு முழம் இழுத்து, இரண்டு கையிலும் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நூல் அறுந்தது. உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அம்மாவுக்கு அது போதவில்லை; இன்னொரு முழத்தை எடுத்துச் சுற்றினார். அப்போதுதான் மாமா புழுக்களை விட்டு இங்கே வந்தார். அம்மாவின் கைகளைப் பிடித்து, நூலை மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

"அக்கா, காணும். விடுங்கோ."

பல வாரங்களுக்குப் பிறகு மாமாவின் குரலை அன்றுதான் கேட்டேன். பேர்ச்சுக்கு மெல்லிய நூல்தான் சரி, மொத்த நூல் என்றால் மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும், உன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று கடைக்காரர் என்னிடம் மெச்சினார். அப்பாவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அப்பாவின் எரிச்சல் எப்போதும் பகிடியாக மாறிவிடும். அதன் பிறகு போன பிறந்தநாள் விழாக்களிலெல்லாம் இந்தக் கதைதான். "உலகத்திலையே அறுகிற நூலைத் தேடி வாங்கின ஒரே மனுசி என்ரை மனுசிதான்" என்று தொடங்குவார். அம்மா கையைச் சுற்றி இழுத்ததை நடித்துக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மாவும் சிரித்தபடி றோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டு போவார். இப்போது நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அப்போதெல்லாம் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தது நான்தான்.

சனிக்கிழமைகளில் மாமா கால்வாய்க்குப் போகத் தொடங்கினார். அம்மாவும் போவார், என்னையும் கூட்டிக்கொண்டு. அம்மா மடக்குக் கதிரையில் தேத்தண்ணிப் போத்தலோடு இருப்பார். தண்ணீரைப் பார்க்க மாட்டார், படகுகளைப் பார்க்க மாட்டார், மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமா சின்னச் சின்ன பேர்ச்சுகளைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, திரும்ப விடுவார். அந்த மடங்காத விரல்களோடு அவர் மீனின் வாயிலிருந்து கொக்கியை எடுக்கிற பக்குவம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு சொல் இல்லை.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். மாமா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா போர்வையோடு படியில் நின்று அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போக வேண்டாம் என்று சொன்னால் மாமா திரும்பவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கடைசியில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, காதுக்குள் சொன்னார்.

"மாமாவை விட்டு இஞ்சால அங்கால போகப்படாது. அவர் எழும்பினா நீயும் எழும்பு. நடந்தா நீயும் நட."

"எனக்கு டொய்லெட் வந்தா?"

"அடக்கு."

நான் கால்வாய்க்குள் விழுந்துவிடுவேன் என்று அம்மா பயப்படுவதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று நல்ல குளிர். பழுத்த இலைகள் தண்ணீரை மூடிக் கிடந்தன. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிதவை ஒரேயடியாக உள்ளே போனது. மாமா எழும்பினார். நானும் எழும்பினேன். தடி பாதிவரை வளைந்து, எந்த நாளும் சத்தம் போடாத றீல் கிறீச்சிட்டது.

"பிள்ளை, வலை! வலையை எடு! ஐயோ, பெரிசு, பெரிசு!"

மாமாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. மறுகரையில் நாயோடு போனவர்கூட நின்று பார்த்தார். மாமா கரை நெடுகிலும் ஓடினார், நான் வலையோடு பின்னால் ஓடினேன். இலைகளுக்கு அடியில் தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் சுழன்றது. மீனைக் கண்ணால் காணவில்லை. தடி திடீரென்று நிமிர்ந்தது. நூல் காற்றில் பறந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா சிரித்துக்கொண்டு நின்றார். வாய்விட்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எல்லாம் அம்மாவாலதான்! அப்பா சொன்ன நூலை வாங்கியிருந்தா அறுந்திருக்காது" என்று நான் கத்தினேன்.

சிரிப்பு மெல்ல நின்றது. "கொம்மாவைப் பேசாதை பிள்ளை. அவ மீனை நினைச்சு வாங்கேல்லை."

தூண்டில் நூலை மீனை நினைத்து வாங்காமல் வேறு யாரை நினைத்து வாங்குவது என்று கேட்க வாயெடுத்தேன். மாமா அதற்குள் சாமான்களை அள்ளிக் கட்டத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு அவசரம். எங்களோடு வந்து இருக்கத் தொடங்கியதிலிருந்து யாருக்கும் எதையும் சொல்ல அவர் அவசரப்பட்டதே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நடக்கவில்லை, ஓடினார். வலையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் எனக்கு முன்னால் வீட்டை அடைந்து, கதவைத் திறந்தது தெரிந்தது.

"அக்கா! தங்கூசி அறுந்துபோச்சு!"

நான் வாசலுக்கு வந்தபோது அம்மா படிகளில் விழுந்தடித்து இறங்கி, மாமாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக் கிழிப்பதுபோலத் திறந்துகொண்டிருந்தார். கொலரை இழுத்து விலக்கி, இரண்டு கையாலும் அவர் கழுத்தைச் சுற்றித் தடவினார். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். திரும்பவும் தடவினார். மாமா, சட்டைப் பொத்தான் பூட்டக் காட்டுகிற பிள்ளையைப் போலக் கழுத்தை நீட்டியபடி அசையாமல் நின்றார்.

"மீன், அக்கா. மீன்தான் அறுத்தது. பெரிய மீன் ஒண்டு."

ஷிப்ட் முடிந்து வந்திருந்த அப்பா குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். "நான் அப்பவே சொன்னனான், எண்பது இறாத்தல்..." என்று தொடங்கியவர், அம்மாவின் கைகள் இருந்த இடத்தைக் கண்டு நிறுத்திவிட்டார். கோப்பை சரிந்து தேத்தண்ணி கார்ப்பெட்டில் ஊற்றுப்பட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அம்மாவுக்கு என்ன பயம் என்று எனக்கு விளங்கிவிட்டதாக நினைத்தேன். "கொக்கி மாமாவுக்குக் குத்தேல்லை அம்மா. அது மீனோட போயிட்டுது" என்று சொன்னேன்.

அம்மா கடைசிப் படியில் இருந்துவிட்டார். மாமாவின் கொலரை விடாமல் பிடித்துக்கொண்டு, செத்தவீட்டில் அழுவதைப் போல ஒப்பாரி வைத்து அழுதார். மாமாவும் அவர் பக்கத்தில் குந்தி இருந்து அழுதார். கைக்கு வந்த மீன் போய்விட்டதற்காகப் பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு மீன் பிடிக்கலாம் என்று இருவருக்கும் ஆறுதல் சொன்னேன்.

அந்தக் கிழமை அப்பா தானாகவே அந்தத் தூண்டில் கடைக்குப் போய்வந்தார். தனியே போனார். வந்ததும் ஒரு கடதாசிப் பையை மேசையில் வைத்தார். இந்தமுறையாவது அப்பா நினைத்தது நடந்திருக்கும் என்று ஓடிப்போய்ப் பிரித்தேன். உருளையின் மேல் மூன்று என்று போட்டிருந்தது.

"அப்பா, பிழையானதை வாங்கிட்டீங்கள். இதாலை பெரிய மீன் பிடிக்க ஏலாது."

அப்பா சப்பாத்தைக் கழற்றியபடி, "ஓம் பிள்ளை, ஏலாதுதான்" என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இலக்கத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் கையை வைத்தார். நான் பார்க்க அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டதே குறைவு. மாமா மேலேயிருந்து றீலோடு இறங்கி வந்து, "தாங்ஸ் அத்தான்" என்று சொல்லி நூலை எடுத்துக்கொண்டார். ஒருவர் முகத்திலும் குறை தெரியவில்லை. இந்த வீட்டில் மீன்பிடியைப் பற்றித் தெரிந்தவர் ஒருவருமில்லை, எங்களுக்கு ஒருநாளும் பெரிய மீன் கிடைக்கப் போவதில்லை என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.