குவைத்துக்குக் கேட்க வேண்டிய கிட்டார்

என் தாய்மாமா எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குப் போகும்போது விமானத்தில் ஏற்ற முடியாத ஒரு சாமானை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நாலு காலும் கீழே மிதிகட்டைகளும் உள்ள அது தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்கு வந்து இறங்கிய அன்றே, பக்கத்துக் காம்பரா அக்கா சட்டைத் துணியோடு வந்துவிட்டார். தையல் மெஷின் இல்லை, கிட்டார் என்று மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை. காலால் மிதிக்கிற கிட்டாரை யார் கண்டது?

மிதித்தால் ஸ்வரம் வளையும். கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தப் பெட்டி இருந்தது. அதுதான் ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். திருகாணியைத் திருப்பினால் பெட்டி ஏறும், இறங்கும். கம்பியை நெருங்கினால் சத்தம் கூடும், கூடவே கத்தும். காந்தம் இழுத்து ஸ்வரம் தள்ளாடும். விலகினால் குரல் கனியும், ஆனால் அடங்கிப் போகும். மாமா இரண்டு ரூபாய் நாணயத்தைக் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையில் வைத்து அளந்து பார்ப்பார், திருகுவார், வாசிப்பார், மறுபடியும் திருகுவார்.

“கட்டுன பொண்டாட்டியகூட ஒருத்தன் இவ்வளவு தாங்கமாட்டான்” என்பார் அப்பா.

காரணம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குப் பதுளையிலிருந்து இசைக்குழுக்காரர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். வாசிப்புப் பிடித்தால் மாமாவைக் குழுவில் சேர்த்துக்கொள்வார். கோப்பை கழுவுகிற வேலைக்கு அன்றோடு முழுக்குப் போடலாம்.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் விளக்கு ஏந்துகிறவர்களைவிட ஃபோன் ஏந்துகிறவர்கள்தான் அதிகம். வீட்டுக்கு ஒருவராவது குவைத்திலோ கொழும்பிலோ இருப்பார்கள். அவர்களும் கேட்க வேண்டுமே. எங்கள் வீட்டில் அது அம்மா. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. தன் தம்பி வாசித்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவின் ஃபோனை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடிப்பது என் பொறுப்பு.

திருவிழா அன்று மாமா முதல் பாட்டைத் தொடங்கினார். கூட்டம் அடங்கிவிட்டது. இசைக்குழுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் மாமா என்னைத்தான் பார்த்தார். நான் ஃபோனைக் காதில் வைத்தேன். பிறகு மேடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அம்மாவுக்கு ஒண்ணுமே கேக்கலையாம் மாமா. காத்து அடிக்கிற மாதிரி இருக்காம்.”

மாமா ஒரு கணம் இசைக்குழுக்காரரைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, ஒரு மாதம் தேடிக் கண்டுபிடித்த அந்த உயரத்தைக் கலைத்தார். பெட்டி கம்பியைத் தொடுகிற மட்டும் ஏறியது. தொனிக் குமிழைக் கூர்மையின் கடைசிவரை திருகினார். அடுத்த பாட்டில் கிட்டார் வீறிட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்னா மச்சான், தகரத்தக் கிழிக்கிற!” என்று கத்தினார் அப்பா.

மாமா நிறுத்தவில்லை. இசைக்குழுக்காரர் பாதிப் பாட்டில் எழுந்தார். “தம்பிக்குக் கை இருக்குங்க. காதுதான் இல்ல” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பதுளை பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன். “இப்ப கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சு பாப்பா. நீ இருமுனது நல்லா கேட்டுச்சு. நெஞ்சுல சளி கட்டியிருக்கே. கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சியா?”

“கிட்டாரு?”

“மேடம் கூப்பிடுறாங்க. மாமாகிட்ட ஃபோனக் குடு.”

கொடுத்தேன். மாமா, “ஆமாக்கா, இருமுறாதான். நான் பாத்துக்கிறேன்க்கா” என்றார். கிட்டாரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்மாவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஃபோன் அடங்கிய பிறகும் மாமா அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

மாமா அழுது நான் பார்த்ததில்லை. என் சளி அவ்வளவு ஆபத்தானது போலிருக்கிறது என்று பயந்துபோனேன். அன்று அப்பா அவித்துக் கொடுத்த கொத்தமல்லித் தண்ணீரை, அடம்பிடிக்காமல் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.