ஆணி முதலாளி தூக்கிய கை

என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, ஆணித் தொழிற்சாலை. கம்பியை வெட்டித் தலை தட்டுகிற மெஷின்களின் இரைச்சலில் அங்கே வாயால் ஒரு காரியமும் நடக்காது. எல்லாம் சைகைதான். மூக்கைப் பிடித்தால் மோட்டார் கருகுகிறது. கையை உயர்த்தினால் உடனே நிறுத்து. அங்கே போய்வந்து பழகிய அக்கா வீட்டிலும் இதையே வைத்துக்கொண்டாள். அவள் கை உயர்ந்தால் அத்தானின் பேச்சு அந்தரத்தில் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட மனிதரை எந்தப் புண்ணியவானோ தேர்தலில் நிறுத்த, அவரும் ஜெயித்து நாடாளுமன்றம் போய்விட்டார். வாயே திறக்காத எம்.பி. என்பதால் கட்சித் தலைவருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

"நாளைக்கு நம்ம சம்பளத்தை ஏத்துற மசோதா வருது. நான் தூக்குறப்ப கையைத் தூக்குங்க, போதும். அடுத்த வாரம் நீங்க துணை அமைச்சர்" என்றார்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார்.

மறுநாள் நானும் தொழிற்சாலை ஃபோர்மேனும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆதரிப்பவர்கள் கை தூக்கியபோது அத்தானும் ஒழுங்காகத் தூக்கினார். "எதிர்ப்பவர்கள்?" என்று சபாநாயகர் கேட்டார். அத்தான் பெருமையாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்தா இந்த ஃபோர்மேன் மூக்கைப் பிடிக்க வேண்டும்? அத்தானின் கை விருட்டென்று மேலே போய்விட்டது. தொழிற்சாலை எங்கே, நாடாளுமன்றம் எங்கே! கைக்கு அதெல்லாம் தெரியுமா? எண்ணியவர்கள் அவரை ஆதரவிலிருந்து எடுத்து எதிர்ப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஓட்டில் மசோதா கவிழ்ந்தது.

சாயங்காலமே கட்சியைவிட்டு நீக்கிவிட்டார்கள். மறுநாள் ஊருக்குத் திரும்பி வீட்டுக்கு வந்த அத்தான் புதுக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"மோட்டாருக்கு என்னய்யா ஆச்சு?" என்று ஃபோர்மேனைக் கேட்டார்.

"மோட்டாரா? மூக்குல ஈ உக்காந்துச்சு முதலாளி."

ஃபோர்மேனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல் இருந்தது எனக்கு. அதற்குள் வாசலில் ஒரே கூச்சல். பத்திரிகைகள் அத்தானை மனசாட்சியுள்ள ஒரே எம்.பி. ஆக்கியிருந்தன. ஊரே மாலையோடு திரண்டு வந்திருந்தது. "அடுத்த தேர்தல்ல நீங்கதான் அமைச்சர்!" என்று கத்தினார்கள்.

அத்தானுக்குப் பொய் ஆகாது. நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். உண்மையில அன்னிக்கு ஒரு ஈ..."

மாடியிலிருந்து அக்கா கையை உயர்த்தினாள். அத்தான் அப்படியே நின்றுவிட்டார்.

அவளைப் பார்த்துக் கூட்டமும் கையைத் தூக்கியது.